வலைச் சேவையகம்: திறமூலமா, தனியுரிமமா? பழைய செயலி ஒன்றும் கையில் இருக்கிறது

#1 புதுப்பொறுப்பு

வணக்கம். எங்கள் நிறுவனத்தில் சேவையகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போய்விட்டார். இப்போது அந்தப் பொறுப்பு என்னிடம்.

இருப்பது ஒரே இயந்திரம். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2, அதன்மேல் ஐஐஎஸ் (மைக்ரோசாஃப்டின் வலைச் சேவையகம்). அதில் இரண்டு வேலைகள் ஓடுகின்றன. ஒன்று, பணியாளர்கள் விடுப்பும் செலவுக் கணக்கும் பதியும் உள்செயலி. மைக்ரோசாஃப்டின் பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் என்ற நிரல் தளத்தில் எழுதியது. இன்னொன்று, வெளியார் பார்க்கும் வேர்ட்பிரஸ் தளம். அந்த விண்டோஸுக்கான வழக்கமான ஆதரவு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது என்பதைப் பொறுப்பேற்ற பிறகுதான் பார்த்தேன். எப்படியும் மாற்றியாக வேண்டும்.

மேலாளர் சொல்வது: "காசு கொடுத்து வாங்கியதாக இருக்கட்டும். ஏதாவது ஆனால் கேட்க ஆள் வேண்டும்." திறமூல வலைச் சேவையகமான என்ஜின்எக்ஸைக் காட்டி நண்பர்கள் சொல்வது: "என்ஜின்எக்ஸ் போட்டுவிடு, வேறு யோசனையே வேண்டாம்." எனக்கு லினக்ஸ் ஓரளவு தெரியும். விண்டோஸ் சர்வர் ஓரளவுகூடத் தெரியாது. திறமூலமா (மூலநிரல் எல்லாருக்கும் திறந்தது), தனியுரிமமா (மூலநிரல் விற்பவரிடம் மட்டும்), எந்தப் பக்கம் போவது? இரண்டையும் ஒரே பக்கம் கொண்டுபோவதுதான் சரியா?

#2 வேர்ப்பயனர்

முதலில் ஒரு கேள்வி. புதிய பாதுகாப்புத் திருத்தம் வெளியான அன்று அதை நிறுவப்போவது யார்? நீங்களா, ஒப்பந்தக்காரரா, யாரும் இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் பெயர்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

2001 ஜூலையில் கோட் ரெட் என்ற புழு (தானாகப் பரவும் தீநிரல்) ஐஐஎஸ் சேவையகங்களில் பரவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் ஜூன் நடுவிலேயே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ ஒரு மாத அவகாசம் இருந்தும் பல இயந்திரங்களில் யாரும் அதை நிறுவவில்லை. தங்கள் விண்டோஸ் 2000 சர்வரில் ஐஐஎஸ் தானாகவே ஓடிக்கொண்டிருந்தது கூடப் பலருக்குத் தெரியாது. மறுபக்கம் பாருங்கள். 2017-இல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தின் தகவல்கள் திருடுபோனது அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறமூலச் சட்டகத்தில் இருந்த ஓட்டை வழியாக. திருத்தம் மார்ச்சில் வந்துவிட்டது. திருடர்கள் நுழைந்தது மே மாதம். ஒன்று தனியுரிமம், ஒன்று திறமூலம். இரண்டிலும் மருந்து கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது; போடத்தான் ஆள் இல்லை.

உங்கள் இயந்திரமும் 2023-இலிருந்து திருத்தம் போடப்படாத நிலையில்தான் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, முதலில் உங்கள் உள்செயலியை வெளியுலகிலிருந்து துண்டியுங்கள். உள்வலையில் மட்டும் திறக்கட்டும்.

#3 சாளரம்

> என்ஜின்எக்ஸ் போட்டுவிடு, வேறு யோசனையே வேண்டாம்

இதைச் சொன்ன நண்பர்கள் உங்கள் உள்செயலியைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். பணியாளர்கள் அதில் தனியாகக் கடவுச்சொல் போட்டு நுழைகிறார்களா, அல்லது கணினியில் நுழைந்ததுமே செயலி அவர்களை அடையாளம் கண்டுகொள்கிறதா? இரண்டாவது என்றால் அது விண்டோஸ் அங்கீகாரம். பணியாளர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரியோடு இந்த அளவு இயல்பாக ஒட்டுவது ஐஐஎஸ்தான். லினக்ஸிலும் செய்யலாம், நானே செய்திருக்கிறேன். ஆனால் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறைக்கான சாவிக் கோப்பு, பெயர்ப் பதிவு, கடிகார நேரப் பொருத்தம் என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும்.

ஐஐஎஸ் பற்றி 2001-ஐ வைத்தே பேசுவதும் நியாயமில்லை. 2003-இல் வந்த ஐஐஎஸ் 6 உள்ளமைப்பே மாறிய ஒன்று. ஒவ்வொரு செயலிக்கும் தனிச் செயலிக்குளம் (பிறவற்றோடு கலக்காமல் ஓடும் இடம்), அதற்கென்று தனிக் கணக்கு கொடுக்கலாம். ஒன்று விழுந்தால் பக்கத்தில் இருப்பது விழாது. விண்டோஸ் சர்வர் 2003-இல் ஐஐஎஸ் தானாக நிறுவப்படுவதையும் பெரும்பாலான பதிப்புகளில் நிறுத்திவிட்டார்கள். அடி வாங்கித் திருந்திய மென்பொருள் அது. நான் பல ஆண்டுகளாக அதோடு வேலை செய்கிறேன், நம்பிக்கையோடு சொல்கிறேன்.

#4 நிரலி

சேவையகத்தைச் செயலிதான் தேர்ந்தெடுக்கும், நாம் இல்லை. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் செயலி விண்டோஸில்தான் ஓடும். 2016-இல் வந்த டாட்நெட் கோர் லினக்ஸிலும் ஓடும். ஆனால் உங்களுடையது டாட்நெட்டின் பழைய வலைப்பக்க முறையான வெப் ஃபார்ம்ஸில் எழுதியதாக இருந்தால் அது கோரில் கிடையவே கிடையாது. பக்கங்களை மறுபடி எழுத வேண்டும். கோப்புகளின் பெயர் ஏஎஸ்பிஎக்ஸ் என்று முடிகிறதா பாருங்கள்.

#5 புதுப்பொறுப்பு

எல்லாமே ஏஎஸ்பிஎக்ஸ்தான். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள். எழுதியவரும் இல்லை. நுழைவு தானாகவே நடக்கிறது, கடவுச்சொல் கேட்பதில்லை. வெளியிலிருந்து வரும் பாதையை இன்று மாலையே அடைத்துவிட்டேன். நன்றி ஐயா.

#6 நிரலி

அப்படியானால் உள்செயலிக்குப் பதில் கிடைத்துவிட்டது. விண்டோஸ், ஐஐஎஸ். மறுபடி எழுதுவதெல்லாம் தனித் திட்டம், சேவையக மாற்றத்தோடு அதைக் கலக்க வேண்டாம். இனி பேச வேண்டியது வேர்ட்பிரஸ் தளம் பற்றி மட்டும்தான்.

#7 இரவுப்பணி

மேலாளர் சொன்ன "கேட்க ஆள் வேண்டும்" என்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. அது அலட்சியமாகத் தள்ளிவிடக்கூடிய கவலை இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் காசு கொடுத்து வாங்கிய வலைச் சேவையகம் ஒன்று இருந்தது. பெயர் வேண்டாம். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் நினைவகப் பயன்பாடு ஏறிக்கொண்டே போய், இரவில் விழுந்துவிடும். ஆதரவு ஒப்பந்தத்தில் "நான்கு மணி நேரத்தில் பதில்" என்று இருந்தது. சொன்னபடியே நான்கு மணி நேரத்துக்குள் பதில் வந்தது. "லாக் கோப்புகளை அனுப்புங்கள்." அனுப்பினேன். அடுத்த நாள், "நினைவகப் படியை (அந்த நேரத்து நினைவகத்தின் நகலை) அனுப்புங்கள்." அனுப்பினேன். பிறகு வேறொருவர் வந்து முதலிலிருந்து ஆரம்பித்தார். இப்படியே பல வாரங்கள் போயின. அந்த வாரங்களில் தினமும் அதிகாலை மூன்று மணிக்குச் சேவையகத்தைத் தானாக நிறுத்தித் தொடங்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டுதான் தூங்கினேன். ஒப்பந்தம் உறுதி தந்தது பதில் வரும் நேரத்துக்கு மட்டும். சரியாகும் நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போட்டபோது யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும்தான்.

அடுத்த வேலையில் முழுக்கத் திறமூலம். அங்கேயும் இதேபோல ஒரு நாள் சேவையகத்தின் துணைச் செயல்முறைகள் ஒவ்வொன்றாகச் செத்தன. பிழைச் செய்தியைத் தேடினேன். அதே தொல்லையை வேறொருவர் முன்பே பதிந்திருந்தார், கீழேயே திருத்தமும் இருந்தது. அந்தத் திருத்தத்தோடு மூலநிரலை ஓடும் வடிவில் தொகுத்துப் போட்டேன், அன்று மதியமே முடிந்தது. திறமூலத்தின் பலம் இதுதான் என்று அப்போது மனதார நம்பினேன்.

முழுதும் சொன்னால்தான் நியாயம். அதே இடத்தில் வேறொரு சிறிய தொகுதியில் ஒரு பிழையைப் பதிந்தேன். ஓராண்டு ஆகியும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பராமரித்தவர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார் போலும். கடைசியில் வெளியிலிருந்து ஒரு நிரலாளருக்குக் காசு கொடுத்துத்தான் சரிசெய்தோம். அப்படிக் காசு கொடுத்து வேறொருவரை அழைக்க முடிந்ததே, அந்த இடம்தான் வித்தியாசம். முதல் கதையில் மூலநிரல் விற்பனையாளரிடம் மட்டுமே இருந்தது. எவ்வளவு காசு வைத்திருந்தாலும் இன்னொருவரிடம் போக வழியில்லை.

மேலாளரிடம் ஒன்று சொல்லுங்கள். திறமூலத்துக்கும் காசு கொடுத்து ஆதரவு வாங்கலாம். ரெட் ஹேட், சூசே, உபுண்டுவின் கனோனிகல் எல்லாரும் விற்பது அதைத்தான். இன்னொரு திறமூல வலைச் சேவையகமான அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் அவர்கள் தொகுப்புகளுக்குள் வந்துவிடுகின்றன. "கேட்க ஆள்" என்ற தேவையையும் "மூடிய நிரல்" என்ற தேர்வையும் ஒன்றாகக் கட்டிப்போட வேண்டியதில்லை.

#8 உரிமநோக்கி

உரிமம் பற்றிச் சுருக்கமாகச் சில விஷயங்கள்.

ஐஐஎஸுக்குத் தனி விலை இல்லை, விண்டோஸ் சர்வரோடு வருகிறது. கணக்கு விண்டோஸில்தான் ஏறும். உரிமம் இயந்திரத்தின் சிபியுவில் உள்ள கருக்களின் எண்ணிக்கைப்படி. ஓர் இயந்திரத்துக்குக் குறைந்தது 16 கரு வாங்கியாக வேண்டும், அதில் எட்டுத்தான் இருந்தாலும். பணியாளர்கள் தங்கள் கணக்கோடு நுழைவதால் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கும் அணுகல் உரிமங்களும் தேவைப்படும். யாரென்று கேட்காமல் எல்லாருக்கும் திறந்த பொதுத் தளத்துக்கு அவை தேவையில்லை. அதனால் வேர்ட்பிரஸை அந்தப் பெட்டியிலேயே வைப்பதால் அணுகல் உரிமச் செலவு கூடாது, ஆனால் வெளியார் நுழையும் வாசலும் பணியாளர் கணக்கும் ஒரே பெட்டியில் இருக்கும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

திறமூலம் என்றால் எல்லாம் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். அப்பாச்சியின் பின்னால் இருப்பது 1999-இல் அமைந்த இலாப நோக்கற்ற அறக்கட்டளை. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. என்ஜின்எக்ஸை 2004-இல் வெளியிட்டவர் இகோர் சிசோயெவ். பிறகு நிறுவனமானது, 2019-இல் எஃப்5 அதை 67 கோடி டாலருக்கு வாங்கியது. இலவசப் பதிப்பு அப்படியே இருக்கிறது, கூடுதல் வசதிகள் சில கட்டணப் பதிப்பான என்ஜின்எக்ஸ் பிளஸில். என்ஜின்எக்ஸை முன்னால் நிறுத்தினால், பின்னால் இருக்கும் சேவையகம் உயிரோடு இருக்கிறதா என்று தானே போய்த் தட்டிப் பார்க்கும் வசதி அப்படி ஒன்று. இலவசத்தில், வருகிற கோரிக்கை தோற்ற பிறகுதான் தெரியும். அதே வசதி, முன்னால் நின்று கோரிக்கைகளைப் பிரித்தனுப்பும் ஹெச்ஏபிராக்ஸியில் இலவசமாகவே உண்டு.

2024 பிப்ரவரியில் என்ஜின்எக்ஸின் முக்கிய நிரலாளர் ஒருவர் நிர்வாகத்தோடு கருத்து வேறுபட்டு ஃப்ரீஎன்ஜின்எக்ஸ் என்று தனிக் கிளை தொடங்கினார். உரிமம் அதை அனுமதிக்கிறது. உரிமையாளர் மாறினாலும் கொள்கை மாறினாலும் பயன்படுத்துகிறவர் நடுத்தெருவில் நிற்க வேண்டாம் என்பதற்குத்தான் உரிமத்தைப் படிக்கச் சொல்கிறேன்.

#9 சாளரம்

இரவுப்பணி சொன்னதை ஏற்கிறேன். ஆனால் "மூலநிரல் திறந்திருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், அதனால் பாதுகாப்பு" என்று யாராவது இங்கே எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புப் பிழை, இணைப்புகளை மறையாக்கம் செய்யும் திறமூல நிரல்தொகுப்பான ஓப்பன்எஸ்எஸ்எல்லின் வெளியீட்டில் 2012 மார்ச்சிலிருந்து 2014 ஏப்ரல் வரை இருந்தது. இரண்டு ஆண்டு. பார்க்க முடியும் என்பது வேறு, பார்த்தார்கள் என்பது வேறு. அப்புறம் அப்பாச்சி 2.4.49. 2021 அக்டோபரில் தளத்தின் கோப்புறையைத் தாண்டி மற்ற கோப்புகளைப் படிக்கவிடும் ஓட்டை தெரியவந்தது. அவசரமாக 2.4.50 விட்டார்கள். அது முழுதாக அடைக்கவில்லை. சில நாளில் 2.4.51.

#10 வேர்ப்பயனர்

சாளரம் சொன்னது முழுக்க உண்மை. எதிர்ப்பக்கத்திலும் உண்டு: 2015 ஏப்ரலில், வலைக் கோரிக்கைகளை வாங்கும் ஹெச்டிடிபி டாட் சிஸ் பகுதியில் ஓட்டை. ஐஐஎஸின் அந்தப் பகுதி இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள்ளேயே ஓடுவதால் ஒரே கோரிக்கையில் இயந்திரத்தையே விழவைக்க முடிந்தது. 2023 அக்டோபரில் தெரியவந்த ரேபிட் ரீசெட், ஹெச்டிடிபி/2 என்ற வலை நெறிமுறையையே பயன்படுத்திய தாக்குதல். திறந்தது மூடியது என்று பாராமல் இரு பக்கத்திலும் பலர் திருத்தம் விட வேண்டியிருந்தது. ஓட்டைகளை எண்ணித் தேர்வு செய்ய முடியாது என்பதில் நாம் ஒன்றுபடுகிறோம்.

நான் பார்ப்பது, ஓட்டை தெரியவந்த அன்று மதியம் என்னால் என்ன செய்ய முடியும் என்பதை. ஹார்ட்பிளீட் அன்று, மேம்படுத்த முடியாதவர்கள் பிழை இருந்த ஹார்ட்பீட் பகுதியை விலக்கிவிட்டு மறுபடி தொகுத்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பிலேயே வழி சொல்லியிருந்தார்கள். ஹெச்டிடிபி டாட் சிஸ் விஷயத்தில் மைக்ரோசாஃப்டும் ஐஐஎஸின் கர்னல் தற்காலிகச் சேமிப்பை அணைக்கும் வழியைத் தந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2.4.49 விஷயத்தில், மற்ற கோப்புறைகளை எல்லாம் மறுத்து வைக்கும் இயல்பு அமைப்பைத் தொடாமல் விட்டிருந்தவர்களுக்கு அந்த ஓட்டை வழியாகக் கோப்பு வெளியே போகவில்லை. பழைய நிலைப்பதிப்பில் இருந்தவர்களுக்கு ஓட்டையே இல்லை, ஏனென்றால் அது 2.4.49-இல் புதிதாக நுழைந்தது.

இதையொட்டிப் புதுப்பொறுப்புக்கு ஒன்று. நிலையான லினக்ஸ் வெளியீடுகளில் பதிப்பு எண் ஏறாது. புதிய பதிப்பில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பில் தைத்துக் கொடுப்பார்கள். தணிக்கைக் கருவி பதிப்பு எண்ணை மட்டும் பார்த்து "பழையது, ஆபத்து" என்று சிவப்பாகக் காட்டும். பதறி மூலத்திலிருந்து நீங்களே தொகுத்துப் போட்டுவிடாதீர்கள். போட்டால் அன்றிலிருந்து ஒவ்வொரு திருத்தத்துக்கும் நீங்களே பொறுப்பு. தொகுப்பின் மாற்றக் குறிப்பில் அந்த ஓட்டையின் எண் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அடைத்தாயிற்று.

#11 புதுப்பொறுப்பு

நிறையத் தெளிவானது. ஒரு யோசனை. முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ், அதன் பின்னால் ஒரு பக்கம் ஐஐஎஸ், இன்னொரு பக்கம் வேர்ட்பிரஸ். பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்குமே?

#12 சாளரம்

உள்செயலிக்கு வேண்டாம், தம்பி. தானாக நுழைவது என்டிஎல்எம் என்ற பழைய விண்டோஸ் அங்கீகார முறையில் என்றால் அந்த அடையாளம் இணைப்போடு ஒட்டியது. ஒவ்வொரு கோரிக்கையோடும் தனியாக வருவதில்லை. நடுவில் நிற்கும் சேவையகம் ஒரே பின்இணைப்பைப் பலருக்கும் பயன்படுத்தினால் கதை கெட்டது. அதற்கான என்டிஎல்எம் கட்டளை என்ஜின்எக்ஸ் ஆவணத்தில் கட்டணப் பதிப்புக்கு உரியதாகத்தான் குறிக்கப்பட்டிருக்கிறது. உள்செயலியை நேராக ஐஐஎஸிலேயே விடுங்கள். உள்வலையில் மட்டும் இருக்கப்போவதற்கு முன்னால் இன்னொரு காவலாளி எதற்கு?

#13 நிரலி

வேர்ட்பிரஸுக்கு அப்பாச்சியா என்ஜின்எக்ஸா என்பதில் நான் வேகத்தைப் பார்க்க மாட்டேன். வேர்ட்பிரஸோடு சேர்க்கும் செருகுநிரல்கள், கோப்புறைக்கான சேவையக விதிகளை வைக்கும் ஹெச்டிஅக்சஸ் கோப்பில் எழுதுகின்றனவா என்று பார்ப்பேன். அப்பாச்சி அந்தக் கோப்பைப் படிக்கும். லைட்ஸ்பீடு என்ற சேவையகத்தின் கட்டணப் பதிப்பும் படிக்கும். அதன் திறமூலப் பதிப்பான ஓப்பன்லைட்ஸ்பீடு முகவரி மாற்று விதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸ் திரும்பியே பார்க்காது. ஒரு பாதுகாப்புச் செருகுநிரல் "இந்தக் கோப்புறையை மூடிவிட்டேன்" என்று பச்சை விளக்குக் காட்டும், உண்மையில் திறந்தே கிடக்கும். இதை நேரில் பார்த்துத் திடுக்கிட்டிருக்கிறேன்.

#14 வேர்ப்பயனர்

நிரலி சொன்னது முக்கியம். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. என்ஜின்எக்ஸ் பிறந்ததே ஒரே நேரத்தில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்க வேண்டும் என்ற சிக்கலுக்காக. இணைப்புக்கு ஒரு செயல்முறை என்ற பழைய அப்பாச்சி முறை அங்கே திணறியது. இன்றைய அப்பாச்சி 2.4-இல் ஒரே செயல்முறை பல இணைப்புகளைக் கவனிக்கும் ஈவென்ட் முறை இருக்கிறது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியைத் தனிச் செயல்முறையாகப் பிரித்துவிட்டால் நிலைமை வெகுவாக மாறிவிடும். உங்கள் அளவு தளத்தில் நேரம் போவது பிஎச்பியிலும் தரவுத்தளத்திலும்தான். எது உங்களுக்குப் படிக்கப் புரிகிறதோ அந்த அமைப்புக் கோப்பை எடுங்கள். நள்ளிரவில் அதைத்தான் திறந்து பார்க்கப்போகிறீர்கள்.

#15 புதுப்பொறுப்பு (மூன்று வாரம் கழித்து)

முடிவு செய்து மாற்றியும் விட்டோம். உள்செயலி விண்டோஸ் சர்வர் 2022, ஐஐஎஸ். அதற்கு 2031 அக்டோபர் வரை நீட்டித்த ஆதரவு இருக்கிறது. அதற்குள் செயலியை மறுபடி எழுதும் திட்டத்தையும் மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். வெளித்தளம் தனி லினக்ஸ் இயந்திரம், என்ஜின்எக்ஸ். லினக்ஸுக்குக் கட்டண ஆதரவு வாங்கச் சம்மதித்தார். ஒப்பந்தத்தில் "பதில்" என்று மட்டும் இருந்ததை இரவுப்பணி சொன்னபடி கேட்டேன். சரிசெய்யும் நேரத்துக்கு உறுதி தர முடியாது என்றார்கள். ஆனால் இரவிலும் பொறியாளர் அழைப்பில் வருவார் என்று சேர்த்தார்கள். செருகுநிரல்களின் ஹெச்டிஅக்சஸ் விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து என்ஜின்எக்ஸ் அமைப்பில் எழுதினேன். நான்கு இருந்தன. சான்றிதழ், இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்டிடமிருந்து, தானாகப் புதுப்பிக்கிறது.

ஒன்று மட்டும் இடிக்கிறது. தளத்தில் பெரிய படங்களை ஏற்றினால் 413 பிழை (கோரிக்கை மிகப் பெரியது) வருகிறது. பழைய சேவையகத்தில் இதே படங்கள் ஏறின.

#16 இரவுப்பணி

என்ஜின்எக்ஸில் கோரிக்கையின் அளவுக்கு இயல்பு வரம்பு 1 மெகாபைட். ஐஐஎஸில் அது 3 கோடி பைட், ஏறத்தாழ 28.6 மெகாபைட். அதனால்தான் அங்கே தெரியவில்லை. கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வரியைத் தளத்தின் அமைப்பில் சேர்த்து உயர்த்துங்கள். பிஎச்பியிலும் இரண்டு இயல்பு வரம்புகள் உண்டு: ஒரு கோப்புக்கு 2 மெகாபைட், மொத்தக் கோரிக்கைக்கு 8. மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை விட்டால் பிழைச் செய்தி மட்டும் மாறும், படம் ஏறாது. மாற்றியதும் அமைப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டுப் பிறகு மீளேற்றுங்கள். நிறுத்தித் தொடங்க வேண்டாம்.

#17 புதுப்பொறுப்பு

மூன்றையும் 32 மெகாபைட் ஆக்கினேன். படங்கள் ஏறுகின்றன. பழைய இயந்திரத்தின் வட்டை நகலெடுத்து வைத்துவிட்டு, இன்று மாலை அதை அணைத்துவிட்டேன்.